என் சடையும் ஓரகத்தியின் சடையும்

என் ஓரகத்தியின் தலைமுடி முழங்காலைத் தொடும். உட்காரும்போது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வாள். இல்லாவிட்டால் அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸுக்கு நான் வந்திறங்கிய அன்றே இதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல்தான், அணையவே இல்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. என் கணவரும் அவருடைய அண்ணனும் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். அண்ணனுக்குக் கொடுத்திருந்த கோட்டர்ஸில்தான் எல்லாரும் இருந்தோம்: அண்ணன், அவர் மனைவியாகிய என் ஓரகத்தி, நாங்கள் இருவர், மாமியார். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, ஒரே நிலைக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் முன்னால் அவள் நின்று தலையை அவிழ்த்துவிட்டால், பின்னால் நிற்கிற எனக்கு என் முகம்கூடத் தெரியாது.

என் முடியும் ஒன்றும் சோடையில்லை. அடர்த்தி உண்டு, கருப்பு உண்டு. ஆனால் சுருட்டை. ஈரமாக இருக்கும்போது இடுப்புவரை தொங்கும், காய்ந்ததும் தோளுக்கு ஏறிக்கொள்ளும். யாராவது பின்னால் உட்கார்ந்து பொறுமையாகச் சிக்கெடுத்தால் ஒழிய நானாக வாரிக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு வலது காதுக்குப் பின்னால் காசு அகலத்துக்குப் புழுவெட்டு வேறு. அந்த இடத்தில் ஒரு முடி கிடையாது. அது என்னைப் பெற்றவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், கட்டியவரிடம்கூடச் சொன்னதில்லை. ஆகவே என் தலையைத் தொடுகிறவள் வலிக்காமல் வார வேண்டும், வாயையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆளை நீங்கள் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

முதலில் மாமியார் கை வைத்தார். சப்பாத்தி மாவு பிசைகிற வேகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபீசில் கணக்கெழுதுகிற அடுத்த வீட்டுக் கிராணியின் மனைவி வலிய வந்து பின்னிவிட்டாள்; அவள் இழுத்த இழுப்பில் புருவம் நெற்றிக்கு ஏறி, நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரியே திரிந்தேன். செந்தூலிலிருந்து ஒருத்தி வந்தாள். நல்ல கை, குறை சொல்லமாட்டேன், ஆனால் அவள் சீப்போடு பேனும் வந்தது. இத்தனை பேரிடமும் வலது காதைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காது வலி என்று சொல்லிவைத்தேன். மாமியார் அதை நம்பி வாரம் தவறாமல் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்.

கடைசியில் சடைக்காரக்கா கிடைத்தார். தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தார். கணவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பெண்களுக்கு வீடு வீடாகப் போய்த் தலை வாரிவிடுவார். விசேஷம் என்றால் பூச்சடை தைப்பார். வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டுகளை ஊசியால் வரிசையாகக் கோத்து, நடுவில் தாழம்பூ மடலை மடித்து வைத்து, பின்னலின் மேல் வைத்துத் தைத்துவிடுவார். எங்கள் கோட்டர்ஸில் எந்தப் பெண்ணுக்கு என்ன நல்லது நடந்தாலும் பின்னந்தலை அவர் கைவேலைதான்.

அவர் முதன்முதலில் எனக்கு வாரியபோது நான் காதை மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். என் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார். சிக்கெடுத்துக்கொண்டே வந்த விரல் அந்த இடத்தில் பட்டது. ஒரு நொடி நின்றது. ஓரகத்தி எதிரில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னிக்கு வெயிலு ரொம்பத்தான் அடிக்குது, இல்ல தங்கச்சி?” என்றார் சடைக்காரக்கா. அவ்வளவுதான். மேலேயிருந்து ஒரு கற்றையை எடுத்து அந்த இடத்தை மூடி, காதோடு சேர்த்துப் பின்னிவிட்டார். அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. இனி என் தலை இவருக்குத்தான் என்று அந்த நிமிடமே எழுதிவைத்துவிட்டேன்.

ஆனால் அவர் எனக்கு மட்டும் கிடைக்கவில்லையே! எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஓரகத்திக்கு, பிறகுதான் எனக்கு. மூத்த மருமகள் அல்லவா? அந்த முடியோ சீப்பை வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போகிற முடி. வேலையே கிடையாது. வேலை இல்லாததால் பேச்சு. பாசாரில் மீன் விலையிலிருந்து கோயில் பூசாரியின் இருமல்வரை பேசிப் பேசிச் சிரிப்பார்கள். என் முறை வந்ததும் சடைக்காரக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிக்கோடு மல்லுக்கட்டுவார். பேச்சு இருக்காது, சிரிப்பு இருக்காது. நான் அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு, குழம்பை எத்தனை தடவை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவர்கள் குரல் தாழ்ந்தால் என் புழுவெட்டைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். குரல் உயர்ந்தால் அதுவும் பிடிக்காது.

இந்த நிலையில் ஓரகத்திக்கு ஏழாம் மாதப் பூச்சூட்டல் வந்தது. தலைப்பிரசவத்துக்கு மட்டும் செய்கிற சடங்கு. அடுத்த பிள்ளைக்கெல்லாம் கிடையாது. சடைக்காரக்கா விடியற்காலையிலிருந்து தைத்தார். பிறகு அவளை டவுனில் ஒரு சீனரின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பூச்சடை வைத்தவளை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் படம் பிடிப்பார்கள். முகமும் தெரியும், கண்ணாடியில் சடையும் முழுக்கத் தெரியும். படம் வந்தது. மாமியார் அதைக் கூடத்தில், வாசல் வழியாக வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினார். அதைத் துடைக்கிற வேலை எனக்கு. அந்தச் சடை கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை நீண்டு என் கண்ணுக்குப் படத்தின் சட்டத்துக்குள் அடங்காமல் போய்க்கொண்டே இருந்தது. துணியால் அழுத்தி அழுத்தித் துடைப்பேன். துடைத்தால் அழிந்துவிடுகிற சடையா அது?

எனக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்கு இதே கையால் இதைவிட நல்ல சடை தைத்து, இந்தப் படத்துக்குப் பக்கத்தில் என் படம் தொங்கவேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

நாள் வந்தது. ஓரகத்தியின் பையன் தவழ ஆரம்பித்திருந்தபோது நான் முழுகாமல் இருந்தேன். எனக்கு மூன்றாம் மாதம் நடக்கையில் சடைக்காரக்காவின் கணவர் காய்ச்சலில் படுத்தார், ஒரே வாரத்தில் போய்விட்டார். பிள்ளைத்தாச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று என்னை உள்ளே நிறுத்திவிட்டார்கள். மாமியாரும் ஓரகத்தியும் போய்வந்தார்கள். அந்த வாரத்தோடு வெள்ளிக்கிழமைத் தலைவாரல் நின்றது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, கோட்டர்ஸில் எந்த வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அவருக்காகத் துக்கப்பட்டேனா என்றால், பட்டேன். அதைவிட அதிகமாக என் சடைக்காகத் துக்கப்பட்டேன்.

“பூச்சடைய வேற யாரு தைக்கிறது அத்தை?” என்று மாமியாரிடம் கேட்டேன்.

“கிள்ளான்ல ஒருத்தி இருக்கா. சொல்லி அனுப்பியாச்சு.”

“சடைக்காரக்காவே...”

“வாயக் கழுவு. தாலி அறுத்தவ கைய புள்ளத்தாச்சி தலையில வைக்கிறதா? நல்லாருக்கும் போ.”

கிள்ளான்காரி முன்னதாகவே ஒரு நாள் வந்து முடியின் அளவு பார்த்தாள். எடுத்த எடுப்பில் வலது பக்கக் கற்றையைத் தூக்கினாள். “ஐயோ, இதென்னம்மா இங்க முடியே இல்ல?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். ஓரகத்தி அங்கேதான் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உடனே பையன் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் திரும்பினாள் என்று எனக்குப் பட்டது. நான்கைந்து வருடம் காப்பாற்றிவைத்தது ஒரு நொடியில் போயிற்று. முழங்கால்வரை முடி வைத்திருக்கிறவள் முன்னால் போயிற்று. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லாரும் கண்ணயர்ந்த மத்தியான நேரத்தில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்து வீடுகளுக்கு நடந்தேன். சடைக்காரக்கா வெள்ளைச் சேலையில், கை முழுக்க மஞ்சள்தூளோடு இருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“தங்கச்சி, நீங்க இங்க வரக்கூடாது. உங்க மாமியார் காதுல விழுந்தா என்னாகும்?”

“நீங்கதான் எனக்குப் பூச்சடை தைக்கணும்.”

“வேணாம்மா. என் கை ஆகாது.”

“ஆகுமோ ஆகாதோ, எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தச்சீங்கல்ல? எனக்கும் தைக்கணும். அதவிட நல்லாத் தைக்கணும். அவங்க படத்துப் பக்கத்துல கிள்ளான்காரி தச்ச சடைய மாட்டிவச்சிக்கிட்டு என்னால அந்த வீட்டுல இருக்க முடியாது.”

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். சடைக்காரக்கா, கணவர் போனபிறகு முதன்முறையாகவோ என்னவோ, சிரித்தார். “ரெண்டு மருமகளும் நல்ல மருமகளுங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. என் காரியம் முடிந்தால் போதும் எனக்கு.

திட்டம் போட்டோம். வீட்டில் சடங்கு கிள்ளான்காரியின் சடையோடு நடக்கட்டும். மாமியார் ஸ்டுடியோவுக்கு வரமாட்டார். விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும். சடைக்காரக்கா முன்னாலேயே தைத்து வைத்த பூச்சடையோடு ஸ்டுடியோவின் பின்னறையில் காத்திருப்பார். நான் அங்கே போனதும் பழையதைப் பிரித்துவிட்டுப் புதியதை வைப்பார். ஒரே சிக்கல், என்னோடு துணைக்கு வருவது ஓரகத்தி. வழக்கம் அது, மாற்ற முடியாது. அவள் பார்த்துவிட்டு மாமியாரிடம் சொன்னால் சொல்லட்டும், படம் பிடித்தபிறகு சொல்லட்டும் என்று துணிந்துவிட்டேன்.

சடங்கு முடிந்தது. ரிக்‌ஷாவில் போகும்போது அவள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சடைக்காரக்காவின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் இவள் முகம் எப்படிப் போகும், நான் என்ன பதில் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துவைத்தேன். ‘உங்களுக்குத் துணிச்சல் இல்ல, எனக்கு இருக்கு’ என்று ஒரு வாக்கியம் கிடைத்தது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பின்னறைத் திரையை விலக்கினேன். சடைக்காரக்கா கூடையோடு எழுந்து நின்றார். எனக்குப் பின்னால் ஓரகத்தி நுழைந்தாள்.

“இங்கயா இருக்கீங்க?” என்றாள் அவள். “தோள்பட்ட வலி இப்ப எப்படி இருக்கு? நேத்து வந்தப்ப கேக்க மறந்துட்டேன்.”

நான் சேர்த்துவைத்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“நேத்தா?” என்றேன்.

“நேத்து வெள்ளிக்கிழமதானே” என்றாள். “கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அக்கா வீட்டுக்குத்தான் போவேன். தல வாரிக்கிட்டு வருவேன். புருஷன் போனா கையுமா போயிடும்?”

“எப்பயிலிருந்து?”

“காரியம் முடிஞ்ச அடுத்த வாரத்திலிருந்து” என்று சடைக்காரக்கா சொன்னார், என் கிள்ளான் சடையைப் பிரித்துக்கொண்டே. “அவங்க ஒருத்தங்கதான் வந்தாங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க, சொல்லல. உங்க விஷயத்த மட்டும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?”

நான்கு மாதம். நான் வீட்டில் உட்கார்ந்து என் சடைக்காக ஏங்கிக்கொண்டிருந்த நான்கு மாதமும், இவள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து அந்த மனுஷியோடு பேசியிருக்கிறாள்; ஒருவேளை சிரிக்கவும் வைத்திருப்பாள். நான் எனக்கு வேண்டும் என்றபோது போனேன். இவள் தனக்கு ஒன்றும் வேண்டாமலே போயிருக்கிறாள். அந்த முடிக்கு யார் உதவி தேவை? தானே ஒரு நிமிடத்தில் வாரிக்கொள்வாள்.

“திரும்புங்க தங்கச்சி” என்றார் சடைக்காரக்கா. ஓரகத்தி தாழம்பூ மடலை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். என் வலது காதருகே வந்தபோது, “இங்க கொஞ்சம் அடர்த்தியா வைங்கக்கா” என்று அவளாகவே சொன்னாள், மெதுவாக. அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் கண்ணாடி. சீனர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “ஜாங்கான் கெராக்!” என்று அதட்டினார். நான் அசையவில்லை.

படம் வந்தது. அவள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். சடை அவளுடையதைவிட நன்றாகவே அமைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மாமியார் அது கிள்ளான்காரியின் கைவேலை என்று பூரித்துப்போய் நான்கு வீட்டுக்கு அவளைச் சிபாரிசு செய்தார். சீனர் ஸ்டுடியோவில் நடந்ததை ஓரகத்தி கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தப் படம் இன்றும் என் மகள் வீட்டில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கண்ணாடியில் சடையைப் பார்த்து வியந்துவிட்டு, பிறகு முகத்துக்கு வருவார்கள். “இதென்ன, இப்படி முகத்தச் சுளிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அன்னிக்கே வலி எடுத்திருச்சா?” என்று கேட்பார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.