கூண்டில் ஏறிய தம்பி

அழகுபாண்டியோடு ஒரே ஆட்டோவில் போக ஒச்சாயிக்கு மனமே இல்லை. கூடப் பிறந்த தம்பிதான். ஆனால் அவனோடு முகம் கொடுத்துப் பேசி வருசக்கணக்காகிவிட்டது. தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க டவுனுக்குப் போகிறவன், விளாங்குடியில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திக் கூப்பிட்டான். ஒச்சாயியின் மகள் தாமரைச்செல்விதான் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினாள்.

"இருக்கிறது ஒரே தம்பி. நாளைக்கு ஒண்ணுன்னா வேற யாரும்மா வருவா?"

ஒச்சாயி வாழ்க்கைப்பட்டது வாடிப்பட்டிப் பக்கம். கணவன் நல்லகாமனுக்குப் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயல் பங்காக வந்திருந்தது. மஞ்சள் காமாலை முற்றி அவன் பெரியாஸ்பத்திரியில் கிடந்து செத்தபோது தாமரை கைக்குழந்தை. கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் நல்லகாமனின் அண்ணன் தவசி ஓர் உயிலைக் கொண்டுவந்து காட்டினான். வைத்தியச் செலவையெல்லாம் அண்ணன் பார்த்ததால் வயலை அவனுக்கே விட்டுவிடுவதாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி நல்லகாமன் எழுதிக் கொடுத்ததாம்.

கட்டிலை விட்டு ஒரு பொழுதும் நகராமல் இருந்தவள் ஒச்சாயி. அப்படி யாரும் வரவுமில்லை, எழுதவுமில்லை. வழக்குப் போட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்து கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் தவசியின் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறியவன் அழகுபாண்டி.

"மச்சான் நல்ல நெனவோடதான் கையெழுத்துப் போட்டாரு. நான் கிட்டக்க நின்னு பாத்தேன்" என்றான். அக்கா நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சொந்தத் தம்பியே சொல்லும்போது யார் என்ன செய்ய முடியும்? கேஸ் தோற்றது. அடுத்த வைகாசியில் அழகுபாண்டி தவசியின் மகளைக் கட்டினான். அந்த வயல் பெண்ணுக்குச் சீராக வந்து அவன் கைக்கே சேர்ந்தது.

ஒச்சாயி விளாங்குடிக்கு வந்து, கல்யாண மண்டபங்களில் அண்டாவும் குண்டாவும் கழுவி மகளை ஆளாக்கினாள். ஆனால் தீபாவளிக்குத் துணியும் பொங்கலுக்குக் கரும்பும் கொண்டுவந்து போட்டவன் தாய்மாமன். "உங்கம்மாவுக்குக் கேசு நடத்தத் தெரியலை தாயி. நல்ல வக்கீலா வச்சிருந்தா செயிச்சிருக்கலாம்" என்று அவன் சொன்னதையே தாமரை நம்பி வளர்ந்தாள். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், "இருந்த வயலையும் தொலைச்சவதானே நீ" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வாள்.

சேலை எடுத்து முடித்தபோது உச்சி வெயில். ஆட்டோவைத் தேடி நடந்தவர்கள் அந்தப் பழைய கோர்ட்டுக் கட்டிடத்தின் முன்னால் வந்து சேர்ந்தார்கள். கோர்ட்டு வேறு இடத்துக்குப் போய் நாளாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடத்தைச் சுண்ணாம்பு பூசிப் புதுப்பித்து மியூசியம் ஆக்கியிருந்தார்கள். வேப்பமரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தளம்.

"உள்ள குளுகுளுன்னு இருக்குமாம். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்" என்று அழகுபாண்டி டிக்கெட் வாங்கினான். வெளியிலேயே இருப்பதாகச் சொன்னாள் ஒச்சாயி. தாமரை கேட்கவில்லை.

முதல் அறையில் முதுமக்கள் தாழியும் பழங்காசுகளும் இருந்தன. அடுத்தது விசாரணைக் கூடம். அதை அப்படியே வைத்திருந்தார்கள். உயரமான மேடையில் ஜட்ஜ் உடுப்புப் போட்ட ஒரு பொம்மை. பக்கவாட்டில் மெருகேற்றிய சாட்சிக் கூண்டு. "ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள் அங்கே நின்ற ஊழியப் பெண்.

அழகுபாண்டி செல்போனைத் தாமரையிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி ஏறினான். ஒச்சாயி கூண்டின் முன்னால் போய் நின்றாள்.

"அழகு" என்றாள். "உன் மச்சானைப் பாக்க நீ ஆஸ்பத்திரிக்கே வரலையில்ல?"

"என்னக்கா, வக்கீல் மாதிரி கேக்குற."

"கேட்டதுக்குச் சொல்லு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வரலைதான். அந்தப் பேப்பரைத் தவசி மாமா வீட்டுல வச்சுத்தான் பாத்தேன். அப்ப மச்சான் செத்து ஒரு மாசம் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். இப்ப அதுக்கென்ன? வயலெல்லாம் பிளாட்டாப் போயிருச்சு, கோர்ட்டும் இல்ல. விடுவியா, அதையே புடிச்சுத் தொங்கிக்கிட்டு."

மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். இந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டுவிட்டால் நெஞ்சுபாரம் இறங்கிவிடும் என்று ஒச்சாயி இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. பொய் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். அதை ஒத்துக்கொள்ள அவனுக்கு இவ்வளவு லேசாக இருக்கும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

"அடுத்த ஆளுக்கு விடுங்க சார்" என்றாள் ஊழியப் பெண். இறங்கி வந்தவன் போனை வாங்கிப் பார்த்தான். "மூஞ்சி இருட்டா விழுந்திருக்கே தாமரை" என்றான்.

அம்மாவும் மகளும் ஆட்டோவில் ஏறவில்லை. திண்டுக்கல் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது தாமரை கேட்டாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னேன். நீ வயசுக்கு வந்தப்பச் சொன்னேன், உன் கல்யாணத்தப்பச் சொன்னேன். மாமன் பேச்சுத்தான உனக்கு ஏறுச்சு."

தாமரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தேற்ற ஒச்சாயிக்குக் கை எழவில்லை.

அந்த அழுகை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கும்மா. நாளைக்கு மொறை செய்ய ஆளு வேணும்ல" என்று கல்யாணத்துக்குக் கிளம்பினாள். ஒச்சாயியும் போனாள். மணப்பெண் ஒரு பாவமும் அறியாதவள். அவள் நெற்றியில் திருநீறு பூசி, நல்லா இரு என்றாள். பந்திக்குக் கூப்பிட்டபோது எழுந்து மண்டபத்தை விட்டு நடந்தாள்.

அழகுபாண்டி வாசல்வரை ஓடிவந்தான். "கை நனைக்காமப் போனா நாலு பேரு என்னக்கா நெனப்பாங்கெ?"

"நெனைக்கட்டும்னுதான் போறேன்."

தாமரை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் தாம்பூலப் பையோடு வீடு வந்து சேர்ந்தாள். மாமா ரொம்ப வருத்தப்பட்டார் என்றாள். ஒச்சாயி மறுநாள் முகூர்த்தத்துக்குப் பாத்திரம் கழுவப் போகச் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.