இன்சீன் கரிமூஞ்சிகளின் பெயர்ப் பட்டியல்

ஆறு வருடமாகத் தென் அமெரிக்கக் கால்பந்துக் கழகம் ஒன்றுக்கு நான் ரசிகன். அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எதிரணிக்காரர்கள் பின்னூட்டத்தில் வந்து குந்திக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் எனக்குக் கூட்டாளி கிடையாது. கடந்த அக்டோபரில் ரசிகர் குழுவில் ஒரு படம் வந்தது. மஞ்சள் கறுப்புக் கொடி. அதில் தமிழில் ‘கரிமூஞ்சி’. இடம்: யாங்கோன், இன்சீன். நவம்பரில் கிளம்பிவிட்டேன்.

கொஞ்சம் வரலாறு. கழகத்தைத் தொடங்கியவர்கள் ரயில் பட்டறைத் தொழிலாளிகள். பணக்கார அணியினர் அவர்களைக் கரிமூஞ்சி என்று ஏசினார்கள். மறுவாரம் இவர்கள் கன்னத்தில் கரி பூசிக்கொண்டே மைதானத்துக்கு வந்தார்கள். வசவு பெயராகிவிட்டது. இன்னொரு வழக்கமும் பட்டறையிலிருந்து வந்ததுதான். கொதிகலன் வெடித்துச் சிலர் இறந்த மறுநாள், வருகைப் பதிவேடு வாசித்த எழுத்தர் பழக்கத்தில் அவர்கள் பெயரையும் படித்துவிட்டாராம். வரிசையில் நின்றவர்கள் பதிலுக்குத் தரையை ஒருமுறை உதைத்தார்கள். இன்றும் ஆட்டத்துக்கு முன் இறந்த ரசிகர்களின் பெயர்கள் படிக்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் அரங்கமே ஓர் உதை.

காணொளியில் பலமுறை பார்த்திருக்கிறேன். என் அறையில் தனியாக உதைத்தும் இருக்கிறேன்.

அங்கே சனி இரவு ஒன்பது மணி ஆட்டம், யாங்கோனில் ஞாயிறு காலை ஆறரை. கியாக்டடாவில் சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தேன். ரயிலை நம்பினால் தாமதமாகும். 5.10க்கு டாக்சி. பதினான்கு கிலோமீட்டர், பேசி முடிந்தது இருபதாயிரம் கியாட். ஓட்டுநர் தின்கன்ஜூன்காரர். தமிழ் புரியும், பேச்சில் தடுமாற்றம்.

“இன்சீனா? ஜெயில்ல ஆளப் பாக்கவா?”

“இல்லண்ணே. பந்தாட்டம் பாக்க.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஜெயிலுன்னா வாடகை கொறச்சிருப்பேன். பந்துக்குக் கொறைக்க மாட்டேன்.”

வழி முழுக்க விளக்கில்லை. நாய்கள் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தன. எழுந்திருக்கவில்லை. டாக்சிதான் ஒதுங்கிப் போனது.

5.45. மரவீட்டின் மாடி. வாசலில் கோ செல்வம் நின்றார். கோ என்றால் அங்கே அண்ணன். படத்தை அனுப்பியவர் அவர்தான். பஸ் கராஜில் ஃபிட்டர்.

“மீ இல்ல தம்பி. நாலு மணிக்கே போச்சு.” மீ என்றால் மின்சாரம். “எங்கப்பா இங்க ரயில் பட்டறை ஆளு. போன்ல இவங்க கதையப் பாத்தேன். அட, நம்ம பயலுவதான்டான்னு தோணிச்சு.” பேசிக்கொண்டே என் கன்னத்தில் கரியை இழுத்தார்.

உள்ளே பதினான்கு பேர். ஒரு பேட்டரி, ஒரு கைப்பேசி. அதன் வெளிச்சத்தில் கரி பூசிய இடங்கள் தெரியவில்லை. கண்களும் பற்களும் மட்டும் இருந்தன. முகங்களில் பாதி இல்லை.

கதவோரம் ஓர் அம்மா. அவர் மட்டும் கரி பூசவில்லை.

“டோ லெட்சுமி,” என்றார் செல்வம் தணிந்த குரலில். டோ, பெண்களுக்கான மரியாதைச் சொல். “மகன் பிரபு நம்ம செட்டுதான். தாய்லாந்து எல்லைப் பக்கம் போனான். பதினோரு மாசம், ஒரு போன் இல்ல. காரியம் பண்ணிருன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இவங்க மாட்டேங்கறாங்க. பந்தெல்லாம் தெரியாது. அவன் பேரு படிக்கிறதக் கேக்கத்தான் வருவாங்க.”

6.20. செல்வம் ஒரு நோட்டைத் திறந்து பெயர்களைப் படித்தார். வந்திருந்தவர்கள் “இருக்கேன்” என்றார்கள். பிறகு இறந்த ஒருவர் பெயர். எல்லாரும் உதைத்தோம். பலகைத் தரை அதிர்ந்தது. இன்னொன்று. மறுபடி உதை. இருட்டில் என் காலும் அவர்கள் காலும் ஒன்றாக. எனக்குப் புல்லரித்தது.

“பிரபு.”

நான் உதைத்தேன்.

நான் மட்டும்.

ஊரில் இல்லாதவர்களின் பெயர்களையும் இங்கே படிப்பார்கள். அவற்றுக்குப் பதில் மௌனம். உயிரோடு இருப்பவர் தானே வந்து சொல்லட்டும் என்று விட்டுவைத்த மௌனம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

“கால வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலயா ஒனக்கு?” யாரோ இருட்டிலிருந்து.

டோ லெட்சுமி எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் காலைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். என் அம்மாவைவிட மூத்தவர். காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. முடியவில்லை.

“மறுபடி படி செல்வம்.”

“பிரபு.”

யார் காலும் அசையவில்லை. கைப்பேசியில் எங்கோ ஒரு கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. செல்வம் அதன் ஒலியை அணைத்தார். அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. பலகைக்கு அடியிலிருந்து எதுவோ மெதுவாக அழுத்துவதுபோல் இருந்தது. என் நாடித்துடிப்பாக இருக்கலாம். அவருடையதாகவும் இருக்கலாம்.

பிடியைத் தளர்த்தாமல் கேட்டார், “ஒங்க பேரென்ன?”

“கதிர்.”

“செல்வம், இவரு பேர அவனுக்கு அடுத்தாப்ல எழுது. வாராவாரம் படி. இவரு ஊருக்குப் போயிருவாரு. சத்தம் வராது. ஆனா உசுரோட இருப்பாரு. அவன் பக்கத்துல அப்பிடி ஒரு ஆளு இருக்கட்டும்.”

செல்வம் எழுதினார். ஆட்டத்தில் தோற்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம். நான் பந்தையே பார்க்கவில்லை. திரும்பும்போது வட்ட ரயில், இருநூறு கியாட், ஐம்பது நிமிடம். எதிரில் இருந்த சிறுமி என் கன்னத்தையே பார்த்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: மடிப்பில்லாத டாலர் தாள்கள் கொண்டு போங்கள், மடித்ததை வாங்க மாட்டார்கள். பவர் பேங்க் கட்டாயம். நிலையத்தில் படம் எடுக்காதீர்கள். பட்டியல் படிக்கும் முன் யார் யார் பெயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரைக் கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் செல்வத்துக்கு ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்புகிறேன். சென்ற மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் மறந்துவிட்டது. ஞாயிறு காலை 5.15க்கு, அங்கே பட்டியல் படிக்கப்போகும் நேரம், அழைப்பு வந்தது. எடுத்தேன். செல்வம் இல்லை, டோ லெட்சுமி.

“இருக்கியாப்பா?”

சொன்னேன். வைத்துவிட்டார்.