துரைமார் கல்லறையில் அப்பா

பன்வில பக்கத்துப் பழைய வேதக்கோயில்களுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் போனது யுத்தநிறுத்தக் காலத்தில், ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு. துரைமார் கோயிலில் சாய்ந்த கல்லறைக் கற்களையெல்லாம் தோண்டி எடுத்து, புதிதாக அடித்தளம் போட்டு நடப்போவதாகச் சேதி வந்திருந்தது. அதில் ஒரு கல்லின் அடியில் என் அப்பா இருக்கிறார்.

கண்டியிலிருந்து காலை 6.40 பஸ். வத்தேகம வழியாகப் பன்விலவுக்கு ஒன்றேகால் மணித்தியாலம், ஆளுக்கு 22 ரூபா. வழியில் ஒருமுறை இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. பிறகு கோயில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் ஒரு ஸ்கொட்லாந்துத் துரை கட்டிய கருங்கல் கோயில். முன்வரிசையில் உட்கார வாங்குகள் துரைமாருக்கு, பின்னால் வெறுந்தரை தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு. காலையில் ஆங்கில ஆராதனை, மத்தியானம் தமிழ். கர்த்தரும் துரைமாரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். இறந்த பிறகும் அதே கதைதான்: கோயிலைச் சுற்றி அவர்கள், ரோட்டுக்கு அப்பால் நாங்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்து அப்பாவை வெட்டிக் கொன்றார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. ரோட்டில் கும்பல் நின்றதால் உடலை அப்பால் கொண்டுபோக முடியவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஞானமுத்து மாமாதான், ஒரு துரையின் குழந்தையைப் புதைத்திருந்த இடத்தைத் தோண்டி அப்பாவை அடக்கம் செய்தார்.

நாங்கள் போனபோதும் அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். அம்மா நேரே கேட்டார்.

"அண்ணே, அந்தப் பிள்ளைய எடுத்து எங்க போட்டீங்க?"

"எடுக்கல தங்கச்சி. பெட்டிக்கிட்ட போகவே இல்ல. மேலாக்கதான் இவர வச்சேன்."

அம்மா அழுதுவிட்டார். ஒரு பிள்ளையை வெளியே தள்ளித்தான் புருஷனைப் படுக்கவைத்தோம் என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"திங்கக்கிழம மேசன் தோண்டுவாரு. அதுக்கு முந்தி இவர வேற எடத்துல வச்சு, பேரு போட்ருவோமா?" என்றார் மாமா.

"வேணாம்ண்ணே. பேரு போட்டா யாரு வெட்டுனாங்கன்னு கேப்பாங்க. வெட்டுனவங்களும் இங்கதானே இருக்காங்க. அவரு அங்கயே இருக்கட்டும்."

சாய்ந்திருந்தால்தானே தோண்டுவார்கள்? மாமாவும் நானும் அலவாங்கால் நெம்பி, அடியில் சல்லிக்கல் இறுக்கி, அந்தக் கல்லை நாங்களே நிமிர்த்தினோம். அம்மா பாசியைச் சுரண்டிக் குழந்தையின் பெயரைக் கழுவினார்.

திரும்புவதற்குக் கடைசி பஸ் 4.30. மழை நாளென்றால் அட்டை கடிக்கும், உப்பு கொண்டுபோங்கள். கல்லறைகள்மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். கல்லில் ஒரு பெயர்தான் இருக்கும். கீழே இரண்டு பேர் இருக்கலாம்.