இரண்டு கியரில் நின்ற மெஷின்

சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் எங்கள் உழவு மெஷின் முற்றத்தில் இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் வேலை செய்தது. கிளச்சை விட்டதும் ஒரு தரம் உடம்பை உதறிவிட்டு அடங்கியது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் பெரிய சில்லு அரை அங்குலம் உருளவில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கிளிவெட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். என் கணவர் வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்தார். நாலு ஏக்கர் வயலும், அவர் வாங்கிவிட்டுப் போன அந்தப் பழைய மெஷினும் என் பொறுப்பில் இருந்தன. அடுத்த வளவில் அவருடைய தம்பி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். மெஷினை ஓட்டுவது அவர். எங்கள் வயலை உழுத பிறகு ஊராருக்கும் உழுது கொடுப்போம். இரண்டு குடும்பமும் சாப்பிட்டது அதில்தான்.

அன்று காலை சந்தியில் இருந்த இராணுவ முகாமிலிருந்து மூன்று சீருடைக்காரர் மெஷினைக் கொண்டுபோக வந்தார்கள். முதல் நாளே மச்சானிடம் சொல்லியிருந்தார்களாம். மண் ஏற்றவோ மரம் இழுக்கவோ என்று நினைத்தேன். அதற்கு முன்னும் பல தடவை அப்படிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவன் ஏறி இருந்து கிளச்சை விட்டுப் பார்த்தான். இன்னொருவன் சில்லை உதைத்தான். மூன்றாமவன், எந்தக் கேள்வியும் கேட்காமல், புறங்கையால் மச்சானின் வாயில் அடித்தான். பிறகு போய்விட்டார்கள்.

மச்சான் உதட்டு இரத்தத்தைச் சாரத் தலைப்பால் துடைத்தார். அந்தக் காயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. "மெஷினுக்கு என்ன செய்தனீங்கள்?" என்றுதான் கேட்டேன்.

"கியர் இறுகிப் போச்சு, மச்சாள். பழசுதானே."

"நேற்றுப் பின்னேரம் நல்லா ஓடினதெல்லோ?"

"ஓம், ஓடினதுதான்" என்றார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. வாய்க்கால் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் முறை முடிந்தால் வரம்பு வெடித்துக் கிடக்கும் வயலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உழவுக்குச் சொல்லிவைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு வேறு மெஷின் தேடிப் போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் வேலிக்கு இங்கால் நின்று கத்தினேன். கழற்றிப் பாருங்கள் என்றால், சாமான் வேண்டும் என்பார். என்ன சாமான் என்றால், திருகோணமலைக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும், மூதூரிலிருந்து லாஞ்ச் படகு ஓடவில்லை என்பார். கழற்றாமலே எந்தச் சாமான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். அவருடைய மனைவியும் என்னைக் கண்டால் பேசாமல் விலகினாள். தமையன் வெளிநாட்டில் வெயிலில் காய்கிறான், இங்கே தம்பி சோம்பல் முறிக்கிறார் என்று ஒழுங்கையில் போவோர் கேட்கச் சொன்னேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன்.

ஆறாம் நாள் காலை நானே ஸ்பனர் பெட்டியை எடுத்தேன். கணவர் ஊரில் இருந்தபோது மெஷினைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் சாமான் எடுத்துக் கொடுத்தது நான். எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பனர் என்று கை அறியும். கணவரின் பழைய சட்டையை மேலே மாட்டி, சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இருக்கைக்கு முன்னால் ஏறினேன். மச்சான் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்.

"மச்சாள், விடுங்கோ. உங்களால ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ, நான் பாக்கிறன். தள்ளி நில்லுங்கோ."

கியர்த் தடி நிற்கிற மூடியை நாலு போல்ட் பிடித்திருந்தது. மெஷின் முழுவதும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து விரல் தடிப்பில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. அந்த நாலு போல்ட்டின் தலை மட்டும் துடைத்தமாதிரி இருந்தது. ஸ்பனர் கடித்த தடம் புதிதாக மினுங்கியது. விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு கழற்றினேன். நாலும் இலேசாகக் கழன்றன.

மூடியைத் தூக்கினேன். அடியில் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு மட்டை வெட்டி வைத்திருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெயில் ஊறியிருந்தாலும் அச்செழுத்துத் தெரிந்தது. எங்கள் குசினிச் சுவரில் தொங்கிய பழைய கலண்டரின் மட்டை.

உள்ளே எண்ணெய்க்குள் இரண்டு இரும்புத் தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கியர்த் தடி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளும். இரண்டும் சேர்ந்து நகராமல் இருக்க நடுவில் விரல் நுனி அளவில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அந்தத் துண்டைக் காணவில்லை. உடைந்து விழுந்திருந்தால் அடியில் கிடக்கவேண்டும். கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. இரண்டு தண்டும் தங்கள் தங்கள் கியரில் ஏறி நின்றன. ஒரு கியர் முன்னுக்கு இழுக்க, மற்றது பின்னுக்கு இழுக்க, பெட்டி முழுக்கப் பூட்டிக் கிடந்தது. தேய்ந்ததால் வந்த வேலை இல்லை. யாரோ திறந்து, எடுத்து, தள்ளி, மூடியிருக்கிறார்கள்.

எண்ணெய் வடிகிற கையோடு இறங்கினேன். அவரை அடிக்கத்தான் இறங்கினேன்.

"என்ர குசினிக்குள்ள பூந்து மட்டை வெட்டி, என்ர மெஷினை நீங்களே இறுக்கி வச்சிருக்கிறியள்!"

"மெள்ளக் கதையுங்கோ, மச்சாள்" என்றார். ஒழுங்கைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "மண் ஏத்த இல்லை, அவங்கள் கேட்டது. காலமை ரோட்டில கண்ணிவெடி பாக்கப் போகேக்க, மெஷினை முன்னுக்கு விடச் சொன்னவங்கள். நான் ஓட்ட வேணும். அவங்கள் பின்னால நடந்து வருவாங்களாம்."

அவருடைய சின்னப் பிள்ளை வேலியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்க ஏலாதோ?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்கள் இப்பிடிக் கத்தியிருக்க மாட்டியள். நீங்கள் கத்தினது சந்தி வரைக்கும் கேட்டது. அதாலதான் அவங்களும் நம்பினவங்கள்."

கோபம் தணிந்தது என்று எழுதினால் பொய். அது கூடத்தான் செய்தது. ஐந்து நாள் நான் ஊர் பார்க்கத் தொண்டை கிழியக் கத்தியதை இந்த மனிதர் ஒரு மறைப்பாகத் தொங்கவிட்டிருக்கிறார். நான் சோம்பேறி என்றபோதெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்மேல் கோபம், என் வாய்மேல் கோபம். ஒரு மனிதனை மெஷினில் ஏற்றி முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வர நினைத்தவர்கள்மேல் வந்ததற்கு என்னிடம் சொல் இல்லை. ரோட்டில் கண்ணிவெடி புதைத்த இயக்கக்காரரும் எங்கள் வீட்டில் சோறு தின்றவர்கள்தான். அவர்கள்மேலும் வந்தது.

"நாலு ஏக்கரும் காயுது" என்றேன்.

"தெரியும்."

"திருத்தினா?"

"திருத்தினா அடுத்த நாளே வருவாங்கள்."

வழியைச் சொன்னது நான்தான். காலையில் நாலு போல்ட்டைக் கழற்றி, இரண்டு தண்டையும் ஸ்குரூ டிரைவரால் நெம்பி நடுவுக்குக் கொண்டுவந்து, மூடி, உழவுக்குப் போவது. வேலை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் மறுபடி திறந்து இரண்டையும் கியரில் தள்ளி இறுக்கி வைப்பது. அந்தத் துண்டு இல்லாமலும் கியரைக் கவனமாக மாற்றினால் மெஷின் ஓடும். எங்கள் வயலும் வாய்க்காலும் சந்தியிலிருந்து தள்ளி, பனங்கூடலுக்கு அங்கால். முகாம்காரர் ரோட்டைப் பார்க்கப் போவது விடிந்ததும். அவர்கள் திரும்பி முகாமுக்குள் போன பிறகுதான் நாங்கள் மெஷினைக் கிளப்புவோம். ஊர் கேட்டால், அரைகுறையாகத் திருத்தியது, ஓடும், பிறகு இறுகும் என்று சொல்வோம்.

மச்சான் கீழே கிடந்த ஸ்பனரை எடுத்துத் தந்தார். "அண்ணன் கெட்டிக்காரியைத்தான் கட்டியிருக்கிறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் திறந்து மூட ஒரு மணித்தியாலம் எடுத்தது. நாலாம் நாள் நானே தனியாக, தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் முடித்தேன். கலண்டர் மட்டை கிழிந்துபோக, பள்ளிக்கூடம் போகும் என் மகளின் பழைய கொப்பி அட்டையை வெட்டி வைத்தேன். எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்தோம். சோதனைச் சாவடியால் எண்ணெய் கொண்டுவருவது அந்த நாளில் லேசான காரியம் இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் முகாம்காரர் வந்தார்கள். முன்பு வந்தவர்களில் ஒருவனும் புதிதாக ஒருவனும். அப்போதுதான் இறுக்கி மூடியிருந்தோம். என் கை கறுப்பாக இருந்தது. பெரிய சில்லில் ஈரச் சேறு.

புதியவன் சேற்றைத் தொட்டுப் பார்த்தான். "மெஷின் வேலை செய்யுது" என்றான் உடைந்த தமிழில்.

"காலமை ஓடினது. இப்ப திரும்ப இறுகிப் போச்சு" என்றேன். "வேணுமெண்டா ஏறிப் பாருங்கோ! இந்தச் சனியனோட நான் படுற பாட்டை நீங்களும் பட்டுப் பாருங்கோ!" கையில் இருந்த பழந்துணியைத் தரையில் ஓங்கி அடித்தேன். மச்சானைப் பார்த்து, "எல்லாம் இவராலதான்" என்று கத்தினேன். நடித்தேன் என்று சொல்ல ஏலாது. எல்லாக் கோபமும் உண்மையானது.

அவன் ஏறினான். கிளச்சை விட்டான். மெஷின் உதறி நின்றது. இரண்டாம் தரமும் பார்த்தான், அதேதான். இறங்கி, தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். மச்சான் நான் அடித்த பழந்துணியைக் குனிந்து எடுத்தார்.

அடுத்த நாள் காலை அவர்கள் மூன்றாம் ஒழுங்கையில் இருந்த ஐயாவின் மெஷினை, அவரையே ஓட்ட வைத்துக் கொண்டுபோனார்கள்.

இதை நாங்கள் யோசிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். யோசித்தோம். இரண்டு பேருமே யோசித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தோம். அந்த ஐயா ஐம்பது வயதுக்காரர், அமைதியான மனிதர். என் கணவர் வெளிநாடு போன அன்று பெட்டியை மூதூர் வரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டவர். காலையில் அவருடைய மெஷின் சத்தம் சந்திப் பக்கம் போகும். அது திரும்பி வருகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் குசினியில் ஒரு வேலையும் செய்யாமல் நின்றேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்த கையோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். மெஷினையும் என் கையையும் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட மெஷினுக்குச் செய்தது என்னெண்டு எனக்கு விளங்கும்" என்றார். "எனக்கும் அதைச் செய்து தாங்கோ."

மச்சான் எனக்கு முன்னால் பேசினார். "ஐயா, ஊரில இரண்டு மெஷினும் ஒரே மாதிரி இறுகினா அவங்களுக்கு விளங்கிடும். எங்களையும் சுடுவாங்கள், உங்களையும் சுடுவாங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டும் என்று காத்து நின்றார்.

"ஏலாது, ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதன்பிறகும் எட்டு நாள் அவர் முன்னால் ஓட்டினார், அவர்கள் பின்னால் நடந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. பிறகு முகாமை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மச்சான் அந்த இரும்புத் துண்டைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துவந்து உரிய இடத்தில் போட்டார். எங்கள் நாலு ஏக்கரும் நன்றாக விளைந்தது.

அறுவடைக்குப் பிறகு ஒரு நாள் நான் மூன்றாம் ஒழுங்கை ஐயாவின் வீட்டுக்குப் போனேன். வேலியோரம் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். மனைவி எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

"எனக்குப் பயமாயிருந்தது, ஐயா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சைப் போட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.