கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் வலது கை

பக்கவாதம் வந்த மூன்றாம் மாதம் அப்பாவின் வலது தோள் இறுகிவிட்டது. விரல்கள் லேசாக அசைந்தன, முழங்கைகூடக் கொஞ்சம் மடங்கியது. தோள் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சட்டை போட்டுவிட அம்மா கையைத் தூக்கினால் பல்லைக் கடிப்பார். ஆம்பூரில் தோல் கம்பெனியில், ஈரத்தோலை இழுத்துச் சட்டத்தில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிற வேலை அவருக்கு.

வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஆங்கிலத் தாளைப் படிக்க வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அந்தத் தாளில் இருந்தது. அதை அம்மாவுக்குப் படித்துச் சொன்னவனும் நானே. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் கை எவ்வளவு தூக்க வருகிறது என்று பார்ப்பேன். சாப்பிட்ட கையோடு மறுபடியும் பார்ப்பேன்.

ஒரு விடுமுறை நாளில், கம்பெனியில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று தோல் இழுக்கும் மாமா பார்க்க வந்தார். தோளை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், காஞ்ச தோல் மாதிரி ஆய்ட்டுது. ஈரம் காட்டி இழுத்தா வந்துடும்."

"அதான் நானும் சொல்றேன். இவன் பேப்பரைப் பாத்துக்னு உக்காந்துக்கிறான்" என்றார் அப்பா.

எனக்கும் அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் வெட்கமாக இருப்பது அதுதான். வெந்நீரில் நனைத்த துண்டைத் தோளில் சுற்றினோம். நான் அப்பாவின் உடம்பைச் சேர்த்துப் பிடித்தேன், மாமா மெதுவாகக் கையை இழுத்தார். வரவில்லை. பொறுக்காமல், "நீ இப்டி வா மாமா" என்று இடம் மாறி, நானே இழுத்தேன்.

அப்பா போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள். "நான் அவ்ளோ ஜாஸ்தி இழுக்கச் சொல்லலயேடா" என்றார் மாமா.

சாயங்காலத்துக்குள் புறங்கை வரை வீங்கிவிட்டது. அதன் பிறகு நான் பக்கத்தில் போனாலே அப்பா இடது கையால் வலது தோளை மூடிக்கொண்டார்.

மறுநாளே வேலூருக்குக் கூட்டிப் போனோம். பயிற்சி கொடுக்கும் மேடம் தொட்டுப் பார்த்ததுமே கேட்டார்: "யாராவது இழுத்தாங்களா?"

"இல்ல மேடம். தூக்கத்துல பொரண்டுட்டேன்" என்றார் அப்பா.

கையைக் கெடுத்துவிட்டேனா என்பது ஒன்றே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வலிக்குப் பயந்து தோளை இறுக்கிக்கொள்கிறார், இப்போதைக்கு வீட்டில் யாரும் அந்தக் கையைத் தூக்க வேண்டாம் என்றார் மேடம். பிறகு மேஜையில், அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில், இடது கையைப் பார்த்தபடி ஒரு கண்ணாடியைத் தடுப்பு மாதிரி நிமிர்த்தி வைத்தார். வலது கை அதன் பின்னால் தலையணை மேல் மறைந்தது. இடது கையை அசைத்துக்கொண்டே கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். அங்கே அசைவது வலது கை போலவே தெரியும். வலிக்காமல் அசைகிறது என்று மனசு நம்ப ஆரம்பித்தால் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்றார்.

அன்றே லாங் பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கி, ஆம்பூர் பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஆடாம புடி தம்பி" என்று சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம். நான் கைக்கடிகாரத்தோடு உட்காருவேன். அப்பா இடது கையால் துண்டை மடிப்பார், டம்ளரை நகர்த்துவார். நானோ நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக்குப் பின்னால் எட்டி, நிஜக் கை அசைகிறதா என்று பார்ப்பேன். நாலாம் நாள் அவர் துண்டை வீசினார்.

"பேஜார் பண்ணாதடா. நீ அந்தப் பக்கம் தலையை நீட்டினாலே தோள் இறுகிக்குது. எழுந்து வெளிய போ. உங்கம்மா உக்காரட்டும்."

போனேன். பயிற்சி நேரம் முழுக்கத் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடப்பேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்கும்: "கண்ணாடில சோத்துக்கையால டம்ளரை எடுக்கிறியே, காப்பி ஊத்தட்டுமா?"

ஒன்றரை மாதம் கழித்து வேலூரில் மேடம் அப்பாவின் கையை மெல்லத் தூக்கினார். மார்பு உயரம் வரை, சத்தமில்லாமல் வந்தது.

"இனிமே வீட்லயும் இப்படித் தூக்கிப் பழகணும். தம்பி, வந்து பிடிங்க."

நான் ஓரடி வைத்தேன். அப்பாவின் இடது கை தோளை மூடியது. மேடம் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அன்னிக்கு இழுத்தது நான்தான் மேடம்."

"அதைப் போய் ஏண்டா இப்ப" என்றார் அப்பா.

மேடம் ஃபைலில் எழுதிக்கொண்டார். "மொத நாளே சொல்லிருந்தா நானும் இன்னும் ஜாக்கிரதையா இருந்திருப்பேன்."

"கெட்டுப்போச்சா மேடம்?"

"கெடல. லேட்டாச்சு." பிறகு அப்பாவிடம் குனிந்தார். "என்ன அப்பா, பையன் தொடலாமா?"

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையை எடுத்து மடியில் வைத்தார்.

"தொடட்டும். ஆனா நீங்க எங்கயும் போய்டாதீங்க மேடம்."