மோட்டாருக்குள் கட்டிய தொட்டில்

அன்று குழித்துறை இறக்கத்தில் என் மகனைக் காப்பாற்றியது அந்தத் தொட்டிலா, அல்லது அவனை ஆபத்தில் கொண்டுபோய் வைத்ததே அந்தத் தொட்டில்தானா? இரண்டு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகத் தோன்றுகிறது. மறுநாள் மற்றது.

மகன் பிறந்தபோது இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. பார்க்க வந்த பெண்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். வயிற்றில் இருந்தபோது நான் எதைத் தாண்டினேன், எப்படிப் படுத்தேன் என்றெல்லாம் விசாரித்தார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதெல்லாம் காரணமில்லை என்று தெரியும். ஆனாலும் அவர்கள் போன பிறகு, எதைத் தாண்டினேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஆஸ்பத்திரி டாக்டர்தான் தைரியம் சொன்னார். வாரம் ஒரு தடவை பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டால் நேராகிவிடும், ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்றார். புதன்கிழமை எங்கள் முறை.

நல்ல வேளையாக எங்களிடம் மோட்டார் இருந்தது. என் கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பழைய காரை அவருக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். கித்தான் கூரை, அதைத் தாங்க மூன்று மர வளைவுகள். காரில் குறை ஒன்றுமில்லை, பாதைதான் கல்லும் பள்ளமுமாக இருந்தது. குழந்தையை மடியில் வைத்திருப்பேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாவுக்கட்டு என் முழங்காலில் இடிக்கும், அவன் வீறிடுவான். வீடு வந்து சேரும்போது தொண்டை கட்டி, அழுகைச் சத்தம்கூட வெளியே வராது. என் கணவர் திரும்பிப் பார்க்காமலே ஓட்டுவார். அவருடைய பிடரி மட்டும் சிவந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவர் கொல்லனை வரவழைத்து, கூரை வளைவுகள் இரண்டில் வளைவுக்கொரு கொக்கி அடிக்கச் சொன்னார். என் பழைய நூல் சீலையைக் கேட்டார். பின் இருக்கைக்கு மேலே, கையெட்டும் உயரத்தில், தொட்டில் கட்டினோம். அடுத்த புதன்கிழமை ஒரு மைல் போவதற்குள் குழந்தை தூங்கிவிட்டான். அந்த அமைதியை எங்களால் நம்ப முடியவில்லை. அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். "பாதையப் பாருங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் சபையில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். என் கணவர், ஒரு வக்கீல், கொப்பரை வியாபாரம் செய்த ஒரு வயதான முதலாளி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூவரும் வாகை மரத்தடியில் கூடிவிடுவார்கள். அந்த வாரம் யார் காரில் என்ன பழுதாயிற்று, எதை மாற்றினார்கள் என்பதைச் சொல்லி முடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. பெண்களாகிய நாங்கள் பசியோடிருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்போம்.

அந்தப் புதனுக்கு அடுத்த ஞாயிறு வக்கீல் தம் சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். "ஆரக்கால் நாலு ஆடிப்போச்சு. வண்டி ஆசாரிய வச்சு ஆயினித் தடியில செதுக்கிப் போட்டாச்சு. சீமை மரம் தோத்துப்போவும்."

"எனக்கு டியூபு வாங்கி மாளல்ல," என்றார் முதலாளி. "டயருக்குள்ள தென்னந்தும்பு திணிச்சாச்சு. இனி காத்தும் வேண்டாம், பம்பும் வேண்டாம்."

"அதாக்கும் வழியெல்லாம் தும்பு சிந்திக் கெடக்கு! ஓய், உம்ம காருக்குப் பொறத்த கயறு திரிக்க ஆளு வாறாங்களாம்லா?" என்றார் வக்கீல்.

முதலாளியே சிரித்துவிட்டார். பிறகு வக்கீல் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மாப்பிள, தொட்டிலா? அடுத்த வாரம் அம்மிக்கல்லும் ஏத்துவியா?"

"பிள்ள நல்லா உறங்குதான் அண்ணே."

"பிள்ள உறங்குவான், சரி. உன் பெண்டாட்டி தாலாட்டு படிச்சா நீயும்லா உறங்கிப்போவ! பின்ன வண்டிய யாரு ஓட்டுவா?"

பெண்களும் சிரித்தார்கள். நான் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். முதலாளி மட்டும் காருக்குள் ஏறி, கொக்கி அடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இஞ்ச ஒரு கீறு விழுந்திருக்கு மாப்பிள. இது கித்தானத் தாங்குத மரம். ஆடுத பாரத்தத் தாங்காது. இரும்புல போட்டுரு."

"பாக்கலாம் முதலாளி," என்றார் என் கணவர்.

முதலாளி சொன்னது என் காதிலும் விழுந்தது. கணவரிடம் திங்கள் சொல்லலாம் என்றிருந்தேன், செவ்வாய் சொல்லலாம் என்றிருந்தேன். பிள்ளைக்காக அவர் ஆசையாகச் செய்தது. நான் குறை கண்டுபிடிப்பதுபோல ஆகிவிடுமோ என்று வாயை அடக்கிக்கொண்டேன். புதன் காலையில் சீலை முடிச்சை மட்டும் இரண்டு தடவை இறுக்கினேன். முடிச்சில் குறையே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, குழித்துறை இறக்கத்தின் வளைவில் வைக்கோல் வண்டி ஒன்று நடுப்பாதையில் வந்தது. என் கணவர் காரை ஒடித்துத் திருப்பினார். முன் சக்கரம் ஓடைக்குள் இறங்கியது. நான் தூக்கி எறியப்பட்டு, முன் இருக்கையின் இரும்பு விளிம்பில் நெஞ்சு மோதி விழுந்தேன். அதே நேரம் தலைக்கு மேலே மரம் முறிந்த சத்தம் கேட்டது. தொட்டிலின் ஒரு முனை கீழே வந்துவிட்டது. மறுமுனை பிடித்துக்கொண்டது. சீலை சுருண்டு, பிள்ளை ஒரு பையில் போட்டதுபோல அதற்குள் தொங்கினான். முறிந்த வளைவின் கூர்முனை அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அழவில்லை. அழாததால்தான் நான் அதிகம் பயந்தேன். கால், கை, தலை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மாவுக்கட்டில்கூட ஒரு வெடிப்பும் இல்லை. வண்டிக்காரர் தம் மாடுகளையே அவிழ்த்துவந்து, கயிறு கட்டி, எங்கள் காரை மேலே இழுத்துவிட்டார். கூலியாக ஒரு சக்கரக் காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை.

என் நெஞ்சில் அந்த விளிம்பு பட்ட இடம் ஒரு மாதம் கன்றிப்போயிருந்தது. மடியில் வைத்திருந்தால் நடுவில் அவன் இருந்திருப்பான். அதை நினைக்கும்போது தொட்டிலுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் மற்ற வளைவும் முறிந்திருந்தால்? அந்தக் கூர்முனை ஒரு சாண் இறங்கியிருந்தால்? செவ்வாய்க்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால்?

அடுத்த ஞாயிறு என் கணவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "முதலாளி சொன்னத நான் கேக்கல்ல," என்று மரத்தடியில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். வக்கீலின் கேலிக்காக நான் காத்திருந்தேன். அவர் எங்கள் காருக்குள் ஏறி, முறிந்த வளைவை அளந்து பார்த்தார்.

மறுநாள் காலையில் அதே வக்கீல் கொல்லனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். தம் காருக்கென்று வாங்கி வைத்திருந்த இரும்புக் குழாயையும் கொண்டுவந்திருந்தார். மர வளைவுகளோடு சேர்த்து அதைக் காரின் சட்டத்திலேயே திருகிப் பிணைத்தார்கள். முதலாளி ஒரு மூட்டைத் தும்பு அனுப்பியிருந்தார். அதைத் தைத்து, தொட்டிலுக்குக் கீழே இருக்கையிலும் தரையிலும் மெத்தைபோலப் போட்டோம். எல்லாம் முடிந்த பிறகு வக்கீல், தம் மகளை அழைப்பதுபோல அழைத்து, என்னிடம் கேட்டார்.

"பிள்ள என்ன எடை இருப்பான் மக்களே?"

சொன்னேன். அதற்கு இரண்டு மடங்கு கருப்பட்டியைச் சிப்பமாகக் கட்டித் தொட்டிலில் போட்டுக்கொண்டு, அந்த இறக்கத்தில் மூன்று தடவை வேகமாக ஏறி இறங்கிவிட்டு வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே காரைவிட்டு இறங்கினார்.

"கருப்பட்டி உறங்கிப்போச்சு மக்களே! இனி பயந்து வெப்ராளப்படாத."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. காப்பி கொடுத்தேன். அவருக்கு இன்றுவரை சரியாக ஒரு நன்றி சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. பதினொரு மாதத்தில் கட்டு எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். இப்போது ஆராதனை நடுவில் மகன் ஓடுகிறான். பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. அவன் கால்கள் தரையில் படும் சத்தத்தைக் கேட்பதற்காகவே சில நேரம் நான் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறேன். டாக்டருக்கும், என் கணவருக்கும், வாகை மரத்தடி மனிதர்களுக்கும் அப்போதெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு வக்கீல் என்னைத் தனியாக அழைத்தார். களியக்காவிளையில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் அவரே காரில் போய் இருவரையும் அழைத்துவரப் போகிறார்.

"நம்ம கொல்லன வரச்சொல்லட்டா மக்களே? நீ தொட்டில் போடச் சொன்னா போடுகேன். வேண்டாம்னா வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு இதுல உன்னைவிட அறிஞ்சவங்க யாரும் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இரும்புலதான போடப் போறாரு, போடச் சொல்லு" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. போடுங்கள் என்று நான் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, மடியில் வைத்து, ஒரு வைக்கோல் வண்டி எதிரே வந்தால்? என் பிள்ளைக்காக வெயிலில் மூன்று தடவை அந்த இறக்கத்தை ஏறி இறங்கியவருக்கு அரைகுறையாக ஒரு பதிலைச் சொல்ல எனக்குக் கூசுகிறது.

கைக்குழந்தையோடு மோட்டாரில் போய்ப் பழகிய தாய்மார்கள் இந்தப் பத்திரிகையில் இதைப் படிப்பீர்கள். குழந்தையை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள், எப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்? மடியில் வைப்பவர்களும் எழுதுங்கள். தொட்டில் கட்டியவர்கள் ஒருவராவது இருந்தால், நல்லதோ கெட்டதோ, நடந்ததை அப்படியே, மாதக் கடைசிக்குள் எனக்கு எழுதுங்கள்.