பெங்களூர் பக்கத்துச் சுவர்

நசரத்பேட்டை வீட்டில் ஒன்பது மாதம் நாங்கள் தெற்கே பார்த்துத் தொழுதோம். அதற்குக் காரணம் நான். அப்போது எனக்கு வயது ஒன்பது.

அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்ததால் திண்டுக்கல் பக்கத்திலிருந்து இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தோம். ஜூன் மாதம். சாமான் வண்டியில் டிரைவருக்கும் அத்தாவுக்கும் நடுவில் எனக்கு இடம். பூந்தமல்லி தாண்டியதும் அத்தா கையை நீட்டி, "இந்த ரோடு நேரா மேக்க போகுது. இப்படியே போனா பெங்களூரு" என்றார். எந்தத் தகவலையும் தலைக்குள் அடுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. இதையும் வைத்துக்கொண்டேன்.

வந்து இறங்கியபோது தூறல். வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. அத்தா பீரோவோடும் இரண்டு கூலியாட்களோடும் படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"கீழ போயி, கிப்லா எந்தப் பக்கம்னு யார்ட்டயாச்சும் கேட்டுட்டு வா" என்றார்.

கிப்லா என்பது தொழும்போது முகம் பார்க்க வேண்டிய திசை. மக்காவில் கஅபா இருக்கும் பக்கம். நம் ஊர்களில் அதை மேற்கு என்று வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் யாரையும் கேட்டதில்லை. பள்ளிவாசல் இருந்தது, வெயில் இருந்தது, அது போதுமாக இருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். நெற்றியில் விபூதி. இவரிடம் கிப்லா என்று கேட்டால் புரியாது என்று படியிறங்கும்போதே தீர்மானித்துவிட்டேன். மேற்கு என்று கேட்கலாம். ஆனால் இந்த மழையில் அவர் மட்டும் எதைப் பார்த்து மேற்கைச் சொல்வார்? பெங்களூர் என்றால் யாருக்கும் தெரியும். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"அண்ணே, பெங்களூரு எந்தப் பக்கம்?"

"இன்னா பாப்பா, வந்த அன்னிக்கே ஊட்ட வுட்டு ஓடப் பாக்குறியா?" என்று சிரித்துவிட்டு கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினார். "தோ, இப்டிக்கா நேரா போ. ஐவே வரும். அங்க நின்னுகினு கைய காட்னா பெங்களூர் பஸ்ஸு."

அவர் காட்டியது நெடுஞ்சாலைக்குப் போகும் வழி. நெடுஞ்சாலை எங்கள் குடியிருப்புக்குத் தெற்கே இருந்தது. அங்கே போனபிறகு வலதுபக்கம் திரும்பினால்தான் பெங்களூர். அந்தத் திருப்பத்தை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. திசை கலைந்துவிடக் கூடாது என்று படிக்கட்டின் வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே ஏறி, கூடத்தில் ஒரு சுவரைக் காட்டினேன். அம்மா அந்தச் சுவரைப் பார்த்துத் தொழுகை விரிப்பை விரித்தார்.

மறுநாள் வெயில் வந்திருக்குமே, தெரிந்திருக்காதா என்று கேட்பார்கள். வந்தது, ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் ஜன்னல்களுக்கு நாலடி தள்ளி அடுத்த பிளாக்கின் சுவர். அத்தா இருட்டில் கிளம்பி இருட்டிய பிறகு வருவார். விரிப்பு கிடக்கும் பக்கம் பார்த்துத் தொழுவார். அம்மா மொட்டைமாடிக்குப் போனதே இல்லை. அவர் அப்போது உண்டாகியிருந்தார். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தொழுது முடித்ததும் அம்மா இரண்டு கைகளையும் ஏந்தி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். அந்த துஆவில் என்ன கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அத்தாவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், மாமா அரியர் எல்லாம் பாஸ் பண்ண வேண்டும், பாப்பா நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றார். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றையும் எழுதி, பக்கத்தில் டிக் போட இடம் விட்டேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். தொழுகை நேரம் வந்தால் அவருக்கு ஹாஸ்டல் ஞாபகமும் வந்துவிடும்.

அக்டோபரில் அத்தாவுக்கு வேலை நிரந்தரமானது. டிக் போட்டேன். நவம்பரில் மாமா நான்கு அரியரில் நான்கையும் பாஸ் செய்தார். மாமாவே நம்பவில்லை, மூன்று தடவை ரிசல்ட் பார்த்தாராம். அதற்கும் டிக். டிசம்பர் கடைசியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்து நாள் கழித்து, கொண்டுபோன பையோடு மட்டும் திரும்பி வந்தார். தம்பி பிறந்து இறந்துவிட்டான் என்று அத்தா என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். மூன்றாவது வரிக்கு எதிரே என்ன குறி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெருக்கல் குறி போட மனம் வரவில்லை.

பிரசவமானவர்கள் தொழக் கூடாத நாற்பது நாள் கழிந்து அம்மா மறுபடி தொழ ஆரம்பித்தார். ஐந்து வேளையும் தவறவில்லை. ஆனால் முடிந்தவுடன் எழுந்து விரிப்பை மடித்துவிடுவார். கை ஏந்தவில்லை. என்னிடமும் அத்தாவிடமும் பேச்சு குறைந்துபோயிற்று. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா புது போன் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தா அன்றைக்கும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். போனில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிய மாமா, கடைசியில் திசைகாட்டியைத் திறந்தார். கூடத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி சுற்றினார்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுகுறீங்க?"

அம்மா சுவரைக் காட்டினார்.

"இப்படியே போனா மக்கா வராதுக்கா. நம்ம திண்டுக்கல்தான் வரும்."

"உன் போனு தப்பாக் காட்டும்டா."

"போனு தப்பாக் காட்டலாம். சூரியனுமா தப்பாக் காட்டும்?" என்று சொல்லி மாமா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அஸர் என்னும் மாலைத் தொழுகை நேரம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, நான் காட்டிய சுவரின் பக்கம் இல்லை, அதற்கு வலதுபக்கச் சுவருக்குப் பின்னால். கீழே கேட்டும் தெருவும் தெரிந்தன. தெரு போய் நெடுஞ்சாலையில் முட்டுவதும், லாரிகள் அங்கே வலதுபக்கம் திரும்புவதும் தெரிந்தன. வாட்ச்மேன் காட்டிய கையும் நான் எண்ணிய வளைவுகளும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன. ரஃப் நோட்டின் மூன்றாவது வரிக்கு விடை கிடைத்துவிட்டது: அம்மா கேட்டது போய்ச் சேரவில்லை, நான் தப்பான பக்கம் காட்டியதால். அப்படியென்றால் அதே பக்கம் பார்த்துக் கேட்ட முதல் இரண்டும் எப்படிக் கிடைத்தன? படியிறங்கும்வரை யோசித்தும் கணக்கு ஒத்து வரவில்லை.

மாமா கீழே வந்து அம்மாவிடம் சொன்னார். அடி விழப்போகிறது என்று நான் கதவோரம் போய்விட்டேன்.

"ஒம்பது மாசமுமா?" என்றார் அம்மா.

"ஒம்பது மாசமும்."

அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. டிசம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு விரிப்பை எடுத்துப் புதுச் சுவரைப் பார்த்து விரித்து அஸர் தொழுதார். முடிந்ததும் கைகளை ஏந்தினார். வெகுநேரம் ஏந்தியிருந்தார். எழுந்து வந்து, கேட்காமலே வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். மாமாவிடம், "தின்றதுக்கு மட்டும் வர்றவன், இன்னைக்கு ஒரு காரியம் பண்ணிட்டே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு பெரிய தப்புக்கு வீட்டில் பஜ்ஜி போடுவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

மாமா அத்தோடு விட்டிருக்கலாம். பஜ்ஜி தின்றுகொண்டே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஒன்பது மாதத் தொழுகையையும் திரும்பத் தொழ வேண்டுமோ? அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததையும் அந்த நாற்பது நாளையும் கழித்துவிட்டு நான் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்துக்கு மேல் வந்தது. "நம்ம ஊர் ஹஜ்ரத்துக்கே போட்டுக் கேட்டுருவோம்" என்று ஊர்ப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தை அழைத்து, புது போனில் ஸ்பீக்கர் எப்படிக் கேட்கிறது பாருங்கள் என்று எங்கள் நடுவில் வைத்தார்.

ஹஜ்ரத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பட்டணத்துக்குப் போயும் நம்ம ஊரத்தான் பாத்தீங்களாக்கும்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்த புதிதில் பதினாறு பதினேழு மாதம் பைத்துல் முகத்தஸ், அதாவது ஜெருசலேம் பக்கம் பார்த்துத்தான் தொழுதார்கள். பிறகுதான் கஅபாவின் பக்கம் திரும்பச் சொல்லிக் கட்டளை வந்தது. வேறொரு பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களிடம் ஓர் ஆள் வந்து அதைச் சொன்னார். அவர்கள் தொழுகையை முறிக்காமல், குனிந்தது குனிந்தபடியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"ஒருத்தர ஒருத்தர் முட்டிக்கலையா?" என்று மாமாவிடம் கிசுகிசுத்தேன்.

"அது சிலபஸ்ல இல்ல மருமகளே, சும்மா இரு."

அப்போது சிலருக்கு ஒரு கவலை வந்தது என்றார் ஹஜ்ரத். திசை மாறுவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் தொழுததெல்லாம் என்ன ஆகும்? உங்கள் நம்பிக்கையை அல்லாஹ் வீணாக்கிவிட மாட்டான் என்று அதற்குப் பதில் வந்தது. "நீங்க வேணும்னேயா திரும்பினீங்க? விசாரிச்சு, இதுதான்னு நம்பித்தானே தொழுதீங்க? திரும்பத் தொழ வேண்டியதில்லம்மா. எல்லாம் கூடும், செல்லும்."

மாமா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தொழுகை சரி ஹஜ்ரத். அதுக்கப்புறம் துஆ கேட்டது?"

"அதுவுந்தாம்மா. ஒண்ணுவிடாம அவன்ட்ட போய்ச் சேர்ந்திருக்கும். நீங்க கேட்டது எல்லாத்தையும் அவன் கேட்டிருப்பான்."

அம்மா நிமிர்ந்தார். "சரிங்க ஹஜ்ரத்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. மாமா நன்றி சொல்லி போனை வைத்தார்.

"நீ ஏன்டா அவர்ட்ட கேட்டே?" என்றார் அம்மா.

"நல்ல பதில்தானக்கா சொன்னாரு?"

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். கெட்ட செய்திக்குச் சிரித்தவர் நல்ல செய்திக்கு ஏன் இப்படி ஆனார் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. எனக்கு ஒரு காரணம் தோன்றியது. தப்பு யாருடையது என்று அம்மாவுக்கு இப்போதுதான் உறைத்திருக்கும். அடுப்படிக்குப் போனேன். அம்மா குழாய்க்கு முன்னால் நின்றிருந்தார், தண்ணீரைத் திறக்காமல்.

"வாட்ச்மேன்ட்ட நான் மேற்குன்னு கேக்கலம்மா. பெங்களூருன்னு கேட்டேன். நாந்தான் தப்பு."

அம்மா ஈரமில்லாத கையால் என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். "இன்னும் ஒரு நாளு அது தப்பாவே இருந்திருக்கலாம்" என்றார்.

தப்பு தப்பாகவே இருக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்களா? அவர் குழம்பியிருக்கிறார், ஹஜ்ரத் சொன்னதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அதனால் முகத்தை நிமிர்த்தி, அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "இல்லம்மா, எல்லாம் சரியாப் போயிருச்சு. தம்பிக்காக நீங்க கேட்டதும் அல்லாஹ்வுக்குக் கேட்டிருச்சாம்."

அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் கூடத்துக்குத் திரும்பிப் போனேன்.